லிட்டிலுக்கு முன்னால் ஓர் எழுத்து

மார்ச் 3, செவ்வாய்

ஆறாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலின் மெய்ப்பு மேசையில் கிடக்கிறது. கை ஓடவில்லை. தொண்டை அறுவைக்குப் பிறகு என் கணவரின் குரல் எப்படி இருக்கிறது என்று, பேச்சுப் பயிற்சி தரும் பெண் காலையில் அறிக்கை அனுப்பியிருக்கிறாள். முதல் வரியே: 'லிட்டில் இம்ப்ரூவ்மென்ட்'.

'எ லிட்டில்' என்றால் ஏதோ கொஞ்சம் முன்னேற்றம் இருக்கிறது. அந்த 'எ' இல்லாவிட்டால், முன்னேற்றம் இல்லையென்றே வைத்துக்கொள்ளலாம். பிழை திருத்திப் பிழைப்பவள் நான். என் கண்ணில்தானா இது பட வேண்டும்?

நாத்தனாருக்கு அனுப்பினேன். உடனே போன். "கொஞ்சம் பரவால்லையாமே அண்ணி! அண்ணன் சீக்கிரமே என்னைத் திட்ட ஆரம்பிச்சிடுவார் பாருங்க."

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

மார்ச் 4

அந்தப் பெண் மறந்திருப்பாள். 'எ'யை முழுங்காதவர்கள் நம்மில் யார்?

மார்ச் 5

பழைய அறிக்கைகளைத் துருவினேன். 'ஃபியூ சிப்ஸ்', அதாவது சில மிடறு, தண்ணீர் குடித்தாராம். 'எ ஃபியூ' அல்லவா வர வேண்டும்! இன்னோர் இடத்தில் 'பிட் டயர்ட்'. அங்கேயும் 'எ' இல்லை. வயிற்றில் பால் வார்த்தாள் மகராசி. ஒருத்தியின் ஆங்கிலம் தப்பாக இருக்க வேண்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொள்கிறேன்.

மார்ச் 6

போன மாத அறிக்கையில் 'எ லிட்டில் ஸ்வெல்லிங்'. கச்சிதமாக இருக்கிறது. ஆக, அவளுக்குத் தெரியும். தெரியுமா? தெரிஞ்சிருந்தா தண்ணிக்கு ஏன் போடல? எனக்குப் பைத்தியம்தான் பிடிக்கப் போகுது.

இவர் சிலேட்டில் எழுதிக் காட்டினார்: "என்ன சிவப்பு மை, முகம் ஒரு மாதிரி இருக்கு?" கல்யாணமான புதிதில் எனக்கு வைத்த பெயர். ஒன்றுமில்லை என்றேன். இவர் நம்பவில்லை.

மார்ச் 7

கேட்டுவிடலாம். பயமாக இருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

கேட்டேன். இவர் உள்ளே மூச்சுப் பயிற்சியில் இருந்தபோது, அந்தப் பெண்ணை மருத்துவமனை வராந்தாவில் நிறுத்தி.

"கொஞ்சம் முன்னேற்றமாம்மா? இல்ல, கொஞ்சம்தானா?"

தமிழில் அந்த ஒரு 'தான்' என்ன கனம் கனக்கிறது.

அவள் தரையைப் பார்த்தாள். "கொஞ்சம்தான் மேடம். இனிமே குரல் வர்றது கஷ்டம். சாருக்குப் போன வாரமே சொல்லிட்டோம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சார்தான் வேணாம்னார். 'எ' இருந்தா என்ன, இல்லாட்டி என்னங்கற வித்தியாசமெல்லாம் எனக்குத் தெரியாது மேடம். 'எ' போட்டுத்தான் டைப் பண்ணியிருந்தேன். சார் பக்கத்துல உக்காந்து அதை எடுக்கச் சொன்னார். 'அவ படிச்சா புரிஞ்சுக்குவா, எனக்குச் சொல்லத் தைரியம் இல்ல'ன்னு எழுதிக் காட்டினார்."

மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். யார் பார்த்தால் என்ன.

மார்ச் 10

இவரோடு சண்டை போட்டேன் — என்கிட்ட சொல்லாம என்ன பெரிய ஒளிவுமறைவு! பதிலுக்குக் கத்த இவரால் முடியவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

மார்ச் 11

நாத்தனாரிடம் சொல்லிவிட்டேன்.

மார்ச் 14, சனி

மெய்ப்பு முடிந்தது. இவர் சமையலறை வாசலில் வந்து நின்று சிலேட்டை நீட்டினார். ஆங்கிலத்தில் இரண்டு வரி: 'லிட்டில் வாய்ஸ். லிட்டில் ஹங்ரி.'

சாக்பீஸை வாங்கி, இரண்டாவது வரிக்கு மட்டும் முன்னால் ஓர் 'எ' போட்டேன். முதல் வரியைத் தொடவில்லை. இவர் தோள் குலுங்கச் சிரித்தார். நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.