மூன்றாவது இறக்கம்

அக்கா,

இன்று நெஞ்சில் லேசாக வலி என்று ஈசிஜி எடுக்கப் போனேன். உங்கள் நாற்காலியில் இப்போது ஒரு சின்னப் பெண். கட்டம் போட்ட தாள் சூடாக வெளியே வந்ததும் அந்தப் பழைய வாடை. "நார்மல்தான்" என்றாள். "முழுசா பாத்தியா மக்கா?" என்று கேட்டுவிட்டேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று உடனே கூசியது.

தக்கலை ஆஸ்பத்திரியில் நீங்கள் ஈசிஜி, நான் மருந்துக் கவுண்டர். விண்வெளித் தொலைநோக்கி ஒன்று நட்சத்திரங்களின் வெளிச்சத்தை அளந்து அனுப்புகிறது, அந்தக் கோடுகளை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்த்துச் சொல்லலாம் என்று எங்கோ படித்துவிட்டு வந்தீர்கள். நட்சத்திரத்தின் முன்னால் கோள் கடந்தால் வெளிச்சம் துளி குறையும், கோடு இறங்கும். சின்னக் கோளுக்குச் சின்ன இறக்கம். "கோடு பாக்கது நம்ம வேலைதானே" என்றீர்கள். டூட்டி முடிந்ததும் பிரௌசிங் சென்டர்தான் உங்களுக்கு வீடு.

ஒரு நட்சத்திரத்தில் இரண்டு இறக்கம் கண்டீர்கள். அதன் எண்ணை ஈசிஜி தாளின் பின்புறம் குறித்து, மூன்றாவது எந்த நாளில் விழ வேண்டும் என்று கணக்கும் போட்டீர்கள். "ஒருதடவ எறங்கினா, ஈசிஜில ஆளு ஆடிட்ட மாதிரின்னு விடலாம். ரெண்டுன்னா சந்தேகம். மூணாவதும் வந்தா உள்ளதுதான்" என்பது உங்கள் பேச்சு.

அந்த நாளின் கோடு வருவதற்குள் சர்க்கரை உங்கள் கண்ணைத் தின்றுவிட்டது. வேலையும் போயிற்று. "நான் கடைசியா ஒழுங்கா பாத்தது அந்த ரெண்டுந்தான் மக்கா. நீ பாத்துச் சொல்லு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு பிரௌசிங் சென்டருக்கு வந்தீர்கள்.

நெட் இழுத்துக்கொண்டிருந்தது. திரை வெள்ளையாகவே நின்றது. எனக்கோ வடசேரி பஸ்ஸில் சீட் பிடிக்க வேண்டும். அங்கிருந்து சுசீந்திரத்துக்கு வேறு பஸ். கண் தெரியாதவருக்கு நட்சத்திரம் எதற்கு என்றும் நினைத்தேன். அதையும் இப்போது மறைக்கவில்லை.

"எறங்குதா மக்கா?"

"இல்லக்கா. நேராத்தான் போவுது."

"அப்பவே என் கண்ணு கெட்டுப்போச்சு போல. எத்தன பேரு ஈசிஜிய அந்தக் கண்ண வச்சு பாத்தேனோ" என்றீர்கள். பிறகு, "செரி, நீ பஸ்ஸ விட்டுராத."

அதன்பின் கோட்டைப் பற்றி நீங்கள் பேசவே இல்லை. நானும் சரி செய்யவில்லை. நாளை சொல்லலாம் என்றே ஒரு வருடம் போயிற்று, நீங்களும் போய்விட்டீர்கள்.

அடக்கம் முடிந்த வாரத்தில் தனியாகப் போய் அந்த எண்ணைத் தட்டினேன். இந்தத் தடவை முழுவதும் வரும்வரை காத்திருந்தேன். வேறு யாரோ அந்தக் கோளை ஏற்கெனவே கண்டுபிடித்துப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள்.

ஒவ்வொரு நவம்பரிலும் கல்லறைத் தோட்டத்துக்கு மெழுகுவர்த்தியோடு வருகிறேன். "அக்காவுக்கு ஒம்மேல உயிரு" என்று உங்கள் தங்கை பக்கத்தில் நின்று சொல்வாள். தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். நீங்கள் எண் குறித்த தாள் என் கைப்பையில்தான் இருக்கும்.

மூன்றாவது இருந்தது அக்கா, நீங்கள் சொன்ன நாளிலேயே. உங்கள் கண் கெட்டிருக்கவில்லை. நான்தான் பார்க்கவில்லை.