அடுப்பில் போன காளான்

நெல்லித்தோப்பு,
புதுச்சேரி.

அன்பு மகள் தேவிப்பிரியாவுக்கு அம்மா சொர்ணம் எழுதுவது. முட்டி வலியைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் என் பேரனும் அந்தக் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்கிறீர்கள்தானே. போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய், அதனால்தான் கடிதம். கொல்லையில் தூங்குமூஞ்சி மரத்து அடிக்கட்டையில் இருந்த காளானில் இன்னொரு துண்டு வேண்டும் என்று கேட்டாயே, அது இப்போது இல்லை. நானே அரிவாளால் கொத்தி வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன். போன தடவை நீயே வெட்டிக்கொண்டு போனதில் வேறு பூஞ்சை கலந்துவிட்டது, மரபணு வரிசை சரியாக வரவில்லை என்றாய். மரபணுவில் நாலு கோடி எழுத்தைப் படிக்கிற இடத்தில், கொண்டுவந்த துண்டு சுத்தமா என்று முதலில் பார்க்க ஒருத்தருக்கும் கண் இல்லையா?

ஏன் கொத்தினேன் என்று கேள். உன் படம் பேப்பரில் வந்ததும் பெருமை தாங்காமல் தெரு முழுக்கக் காட்டியது நான்தான், அது என் புத்தி. மருத்துவக் காளானின் மரபணுவை ஆராயும் புதுவைப் பெண் என்று போட்டிருந்தான். தெருவில் காலேஜ் படித்ததெல்லாம் ‘மருத்துவ’ என்ற முதல் வார்த்தையோடு நின்றுவிட்டது. அஞ்சாவதோடு நின்ற நான் கடைசிவரை படித்தேன், ஆராய்கிறாள் என்றுதான் இருந்தது, குணமாக்கினாள் என்று இல்லை. மறுநாளே எதிர்வீட்டு அஞ்சலாட்சி மஞ்சள் குங்குமத்தோடு வந்து கட்டையைச் சுற்றுகிறாள். உன் சித்தப்பா கன்னியப்பன், முப்பது வருஷம் அறிவியல் வாத்தியாராக இருந்த மேதாவி, ஓர் ஓரத்தை ஒடித்துப்போய்க் கஷாயம் வைத்துக் குடித்துவிட்டு சர்க்கரை மாத்திரையைக் குப்பையில் போட்டார். கேட்டதற்கு, ‘நம்ப பொண்ணு கண்டுபுடிச்சது அண்ணி, உங்களுக்கு இன்னா தெரியும்’ என்றார். ஒன்பதாம் நாள் மயங்கி விழுந்து நாலு நாள் ஆஸ்பத்திரி, சர்க்கரை ஐந்நூறைத் தாண்டிவிட்டதாம். யார் குடிக்கச் சொன்னது என்று டாக்டர் கேட்டால் உன் பேரைச் சொல்லியிருக்கிறார், வெட்கம் கெட்ட மனுஷன். வீடு வந்த கையோடு ஆள் அனுப்புகிறார், ‘அளவு கம்மியாப் பூட்ச்சி, இன்னும் கொஞ்சம் ஒடச்சிக் குடுங்க’ என்று. அன்றைக்குத்தான் அரிவாளை எடுத்தேன். உன் படிப்புக்கு நஷ்டம்தான், திட்டிக்கொள். உன் பேரைச் சொல்லி ஒரு உயிர் போகக்கூடாது.

இனி எழுதுவது உனக்கு மட்டும். போன வார மழைக்கு அதே கட்டையில் கட்டைவிரல் அளவுக்கு வெள்ளையாக ஒன்று கிளம்பியிருக்கிறது. மேலே ஓட்டைத் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு, உள்ளே நல்லபாம்பு புகுந்திருக்கிறது என்று சொல்லிவைத்தேன். அஞ்சலாட்சி இப்போது அதற்கும் பால் வைக்கிறாள், வைக்கட்டும், தொட்டியைத் தொடமாட்டாள். பொங்கலுக்கு நீ நேரில் வந்து வெட்டிக்கொள், இந்தத் தடவையாவது சுத்தமாக வெட்டு, பேப்பர்காரனிடம் வாயைத் திறக்காதே. பேரனுக்குக் காதை மூடிக் குல்லா போடு. எடுத்த காரியம் கைகூடி, மூன்று பேரும் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா
சொர்ணம்