சேட்டும் மைனாவும் வீட்டுக்கு வந்துவிட்டன, அக்கா

என் கோமதியக்கா, என் தங்கமே,

உன் பூனைகள் சேட்டும் மைனாவும் இலஞ்சி வீட்டுக்குத் திரும்பிவிட்டன. இதை எழுதும்போது மைனா உன் கட்டிலில்தான் படுத்திருக்கிறாள். கருப்பாயி வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன். நம் அண்ணன் சுப்பையா செய்தது ஊருக்கும் தெரியட்டும் என்றுதான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நீ தென்காசியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நான் மதுரையிலிருந்து வந்து உன் பக்கத்திலேயே இருந்தேன். பூனைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பக்கத்து வீட்டிலேயே இருக்கிற நம் அண்ணன்தான் பொறுப்பெடுத்துக்கொண்டான். சாயங்காலம் அவன் வந்ததும் மூக்கில் குழாயோடு நீ கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"கருப்பாயி சாப்பிடுதாளா அண்ணே?"

"நல்லாத் திங்குதா. சாளை மீனு வாங்கிப் போட்டேன். நீ எதுக்குக் கவலப்படுதே?"

நீ நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்வாய். மற்ற இரண்டும் யார் வைத்தாலும் தின்னும். செங்கோட்டை ஸ்டேஷனில் நீ டிக்கெட் கொடுத்த காலத்தில் கவுண்டருக்குள் வந்து ஒதுங்கிய கருப்பாயிக்கு உன் கையால் போட்டால்தான் இறங்கும். அது அவனுக்கும் தெரியும்.

நீ கண்ணை மூடி, உன்னை எடுத்துப்போன பிறகு பார்த்தால் வீட்டில் ஒரு பூனைகூட இல்லை. "ஆளில்லாத வீடு. எங்கனயோ ஓடிப் போச்சுக" என்றாள் மதினி. தென்னந்தோப்பெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு அலைந்தேன். கடைசியில் பால்காரர்தான் வாயைத் திறந்தார். "உங்க அண்ணாச்சி மூணையும் கூடையில அடச்சு கார்ல கொண்டு போனாவளே. தென்காசியில பிராணிகள் காப்பகம் இருக்குல்லா, அங்க விடப் போறேன்னாவ."

உடனே போனேன். அங்கே இருந்த பெண் நல்ல பிள்ளை. அவளைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

"வளத்த அம்மா இறந்துட்டாங்க, பாத்துக்க ஆளில்லன்னு சொல்லி அழுதாரு மேடம். அதான் எடுத்துக்கிட்டோம்."

"என்னைக்கும்மா?"

"தேரோட்டத்தன்னைக்கு. ரோடு அடச்சிருக்கு, சுத்தி வாரேன்னு சொன்னாரே."

அக்கா, தேரோட்டத்தன்று நான் உனக்குத் தலை சீவிவிட்டேன். மேளச் சத்தம் கேட்க வேண்டும் என்று நீ ஜன்னலைத் திறக்கச் சொன்னாய். அன்று சாயங்காலமும் அவன் வந்தான். அதே முகத்தோடு, அதே சாளை மீன் கதையைச் சொன்னான். அதற்குப் பிறகும் எத்தனையோ நாள் நீ உயிரோடு இருந்தாய்.

கருப்பாயி எதையும் தொடவில்லையாம். ட்ரிப்ஸ் ஏற்றியும் தேறவில்லை. அந்தப் பெண்ணின் மடியிலேயே போய்விட்டாள். உனக்கு முன்பே.

பதினாறாம் நாள் சொந்தமெல்லாம் சாப்பிட உட்கார்ந்திருந்தபோதுதான் காரணம் தெரிந்தது. அப்பா உன் பேருக்கு எழுதிய வீடு இப்போது அவனுக்கும் எனக்கும் வருகிறது. அதை இடித்துக் குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு லாட்ஜ் கட்டப்போகிறானாம். நீ படுக்கையில் கிடந்தபோதே கொத்தனாரைக் கூட்டிவந்து அளந்திருக்கிறான். பூனைகள் அதற்கு இடைஞ்சல்.

"ஏட்டி செண்பகம், சீக்கிரம் ஒரு கையெழுத்துப் போட்டுரு" என்றான், எல்லோர் முன்னாலும்.

"தேரோட்டத்தன்னைக்கே அக்கா செத்துட்டான்னு காப்பகத்துல சொன்னியா அண்ணே?"



"பூனைக்காவ என்கிட்ட இப்படிப் பேசுதியா?"

"உன் மூஞ்சியப் பாத்துக் கேட்டாளே, அவளுக்காவப் பேசுதேன்."

சித்தப்பா பாதிச் சாப்பாட்டில் நிமிர்ந்தார். "ஏலே சுப்பையா, நெசமாலே?" அவன் எழுந்து கையைக்கூடக் கழுவாமல் வெளியே போனான்.

நான் கையெழுத்துப் போடவில்லை. மதுரை வீட்டைப் பூட்டிவிட்டு என் வீட்டுக்காரரோடு இங்கேயே வந்துவிட்டேன். இப்போது சாரல் காலம். அருவிக்குப் போகிற கார்கள் நம் வாசலில் நின்று ரூம் கிடைக்குமா என்று கேட்கின்றன. "ரூம் இல்ல, இது பூனை வளக்குத வீடு" என்று அண்ணன் காதில் விழும்படி சொல்கிறேன். அவன் வாங்கி வைத்த லாட்ஜ் போர்டு கார் ஷெட்டில் சுவரைப் பார்த்துச் சாய்ந்து கிடக்கிறது. அதைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

போன வாரம் மதினி வந்தாள். "உங்க அண்ணனுக்குத் தூக்கமே இல்லட்டி" என்றாள். "எனக்கு நல்லாத் தூக்கம் வருது மதினி" என்றேன்.

நீ இருந்தால், "போதும், விடுட்டி" என்றிருப்பாய். உன் மனசு அப்படி. எனக்கு அப்படி அமையவில்லை. ஒன்று மட்டும் தெரியவில்லை. கடைசி நாட்களில் நீ கருப்பாயியைப் பற்றிக் கேட்பதையே நிறுத்திவிட்டாய். அவன் பொய் சொல்கிறான் என்று உனக்குத் தெரிந்துவிட்டதா?

நான் இருக்கும்வரை அந்தக் கையெழுத்து அவனுக்குக் கிடைக்காது, அக்கா. எனக்குப் பிறகு என் பாதி அந்தக் காப்பகத்துக்கு. எழுதிக் கொடுத்துவிட்டேன். அவன் பேரன் காலத்திலும் அவன் வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிரே பூனைகள்தான் உட்கார்ந்திருக்கும்.

நம் வீட்டிலிருந்து,
உன் கூடப் பிறந்த தங்கச்சி,
செண்பகம்