மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு வசனம்

அத்தை,

மகன் கேட்ட வீட்டுப் பத்திரத்தைத் தேடி பீரோவைத் துழாவியபோது, அந்த நாடகத்துக்குக் கட்டிய அரக்குப் புடவை அகப்பட்டது. மடிப்பில் ரோஸ் பவுடர் வாசனை இன்னும் இருப்பதுபோல் தோன்றியது.

கல்யாணமாகி வந்த புதிது. உங்கள் மகனுடைய ஆபீஸ் நண்பர்கள் தாம்பரத்தில் நாடகம் போட்டார்கள். சோறு வடிக்கக்கூடத் தெரியாமல் வந்த சின்னப் பெண் மெல்ல மெல்லக் குடித்தனக்காரியாகும் சிரிப்பு நாடகம். நடிக்க வேண்டியவளுக்கு அம்மை போட்டுவிட, அவர் என்னை மாட்டிவிட்டார். மேடையேறுகிறவள் குடும்பத்துக்கு ஆகமாட்டாள் என்று நீங்கள் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்திருந்தது. தெரிந்தால் பிறந்த வீட்டுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நடுங்கினேன். மாவாட்டும்போது, ஆட்டுக்கல் சத்தத்தில் உங்களுக்குக் கேட்காது என்று நம்பி, வசனத்தை வாய்விட்டே பழகினேன். என் சாமர்த்தியம் அவ்வளவுதான். நாடகத்தன்று பீர்க்கன்கரணையில் சிநேகிதி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கடைசிக் காட்சி. நாடகத்து மாமியார் வீட்டைவிட்டுப் போகச் சொல்லிக் கத்துகிறாள். நான் நிமிர்ந்து பதில் சொல்ல வேண்டும். நிமிர்ந்தால், மூன்றாம் வரிசையில் நீங்கள். வசனம் மறந்துபோயிற்று. ஓரத் திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக்கொடுக்க வேண்டியவரோ, சிரித்துச் சிரித்துப் பக்கத்தைத் தவறவிட்டிருந்தார். அப்போதுதான் உங்கள் குரல் கேட்டது.

"இன்னா முழிக்கிற? இது என் வூடும்தான், நான் எங்கியும் போவ மாட்டேன்னு சொல்லு."

கூட்டம் அதையும் நாடகம் என்று நினைத்துச் சிரித்தது. நான் அப்படியே சொன்னேன்.

வீடுவரை நீங்கள் என்னைப் பார்க்காமல் முன்னால் நடந்தீர்கள். எனக்கு அதுதான் பெரிய பயம். வாசலிலேயே நின்றுவிட்டேன். நீங்கள் பூட்டைத் திறந்தீர்கள்.

"மாவாட்டும்போது நல்லாத்தான சொன்ன. உள்ள வா."

இன்று மாலை மகன் வருகிறான். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுகிற ஆளையும் கூட்டிக்கொண்டு வருகிறான். என்னைத் தன்னோடு வண்டலூருக்கே வந்துவிடச் சொல்கிறான். நேற்று போனில் அவன் குரல் கொஞ்சம் உயர்ந்ததும் நான் சரி சரி என்றுவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அத்தை. எடுத்துக்கொடுக்க நீங்கள் இல்லை.

புடவையைக் கட்டிக்கொண்டு, பின்கட்டில் ஆட்டுக்கல் பக்கத்தில் நின்று, அந்த வசனத்தைச் சொல்லிப் பார்க்கிறேன். கல் சுற்றி வெகுகாலமாயிற்று. சத்தம் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கும். கேட்கட்டும்.