குற்றாலத்துக்காரிக்கு ஓர் அருவி

குற்றாலம்,
ஞாயிறு

அன்புள்ள அபர்ணாவுக்கு,

இல்லை, உன் பட்டியலில் இருக்கும் எழுபத்தெட்டாவது மாடியின் கண்ணாடித் தரையில் நான் நிற்க மாட்டேன். மற்றபடி இங்கே நலம். அப்பாவுக்கும் நலம், இருமல் நீங்கலாக. பாங்காக்கில் நீயும் ஏறக்குறைய அப்படித்தான் இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன். பாஸ்போர்ட் வந்துவிட்டது. படத்தில் நான் எதையோ திருடிவிட்டு வருந்தாதவள் போல இருக்கிறேன். அப்பா வரமாட்டார். ஆறு நாள் வயலை யார் பார்ப்பது என்கிறார். வயலைக் குத்தகைக்கு விட்டு மூன்று வருடமாகிறது.

நீ அனுப்பிய பட்டியலை அச்செடுத்து லாட்ஜில் என் வரவேற்பு மேசையில் வைத்துப் படித்தேன். ஆறு நாள், இருபத்திரண்டு இடம். அரண்மனை. அதற்கு முழங்கால் மறைய உடுத்த வேண்டும் என்று எச்சரிக்கை வேறு. ஐம்பத்தொரு வயதில் நான் வேறு எப்படி உடுத்துவேன் என்று நினைத்தாய். நாற்பத்தாறு மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தர். உன் பட்டியலில் ஓய்வெடுப்பவர் அவர் ஒருவர்தான். மிதக்கும் சந்தை. மாம்பழம் படகில் இருப்பதைப் பார்க்க இரண்டு மணி நேரப் பயணம். தென்காசிச் சந்தையில் அது தரையில் இருக்கிறது, ஒருவரும் படம் எடுப்பதில்லை. ஆற்றங்கரைக் கோயில், வாரச்சந்தை, ஷாப்பிங் மாலின் அடித்தளத்தில் சுறாமீன். பிறகு ஐந்தாம் நாள், வேனில் மூன்று மணி நேரம் போய், அருவி.

அருவி. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். உன் மவளுக்குக் கூறு கெட்டுப் போச்சாட்டி, குத்தாலத்துக்காரிக்கு அருவி காட்டுதாளாம்லா, என்று இருமலோடு சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு நிறுத்திவிட்டேன்.

இருபது வருடமாக இந்த மேசையில் நானும் பட்டியல் எழுதுகிறேன். சீசனில் பதினொரு மணிக்கு ஆட்கள் வந்து நிற்பார்கள், மேலே போர்வை காய்ந்திருக்காது, குழாயில் தண்ணீர் ஏறியிருக்காது. அறைகளைச் சுத்தம் செய்யும் ஹைருன் பீவி மாடிப்படியில் நின்று இன்னும் ஆகவில்லை என்று தலையை ஆட்டுவாள். நான் உடனே சிரித்து, தாளை எடுத்து, பேரருவி, ஐந்தருவி, பழைய அருவி, இலஞ்சி கோயில், தென்காசிக் கோபுரம் என்று எழுதிக் கொடுப்பேன். அறை எவ்வளவு மோசமோ பட்டியல் அவ்வளவு நீளம். திருமலைக்கோயில் படிக்கட்டு வரை எழுதினேன் என்றால் அறையில் கட்டிலே இல்லை என்று பொருள். உன் தாளைப் பீவி வாங்கி மேலிருந்து கீழே பார்த்தாள். இருபத்திரண்டா, ரூமு இன்னும் ரெடியாவலபோல யக்கா, என்றாள்.

உன் வீடு அதில் எங்குமில்லை. வீடு சின்னது என்று எனக்கு ஹோட்டல் போட்டிருக்கிறாய். போன மாதம் வீடியோவில் நீ வெள்ளைச் சுவரைக் காட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் ஓர் ஆண் ஏதோ கேட்டான். என்ன மொழியோ. உப்பு எங்கே என்று கேட்கும் ஆணின் குரல் எல்லா மொழியிலும் ஒன்றுதான். நீ டிவி என்றாய். டிவி உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.

போன சீசனில் ஆலங்குளத்திலிருந்து ஒருத்தி வந்தாள். என் பட்டியலை வாங்கி, மடித்து விசிறிக்கொண்டு, மடியில் பையோடு உட்கார்ந்துவிட்டாள். அருவி எங்கயும் ஓடிப் போவாது, ரூமு எப்பம் வரும்னு சொல்லுங்க, என்றாள். நான்கு மணி நேரம். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. நான் அவளைப் போலத்தான் வருவேன். போர்வை ஈரமாக இருந்தாலும் சரி. உன் வீட்டில் எனக்கு ஒரு நாள் இல்லையென்றால் டிக்கெட்டை ரத்து செய்துவிடு, நான் வராததால் அரண்மனைக்கு ஒன்றும் குறையாது. அந்தக் குரலைப் பற்றி அப்பாவிடம் நான் சொல்லவில்லை. அது உன் வேலை. சொல்லும்போது பக்கத்தில் இருப்பேன்.

வெயிலில் குடை எடுத்துக்கொண்டு போ. நேரத்துக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும். அவனும்தான், ஆளைப் பார்த்த பிறகு அதை உறுதி செய்கிறேன். நான் வருவதற்குள் உப்பு எங்கே இருக்கிறது என்று அவனுக்குச் சொல்லிவை.

உன் அம்மா,
குழல்வாய்மொழி

கையெழுத்துப் போட்ட பின் உன் தாளில் ஐந்தாம் நாள் அருவியை அடித்தேன். அந்த இடத்தில் வீடு என்று எழுதி, இதோடு மடித்து வைத்தேன்.