சாதாரணம் இழுத்த இழுவை

ஞாயிறு இரவு, மாசி 1963

இன்றைக்கு நான் செய்தது பிழை என்று இவர் சொல்கிறார். எழுதிப் பார்த்தாலும் எனக்கு அது பிழையாகத் தெரியவில்லை.

பூசை முடிந்து காரில் குருக்கள்மடத்துக்கு வெளிக்கிட்டோம். பின்சீற்றில் என் தம்பி. பெற்றோல் செட்டில் நிறுத்தியதும், "சூப்பர் பெற்றோல் அடிக்கச் சொல்லு" என்று என்னிடம் சொல்லிவிட்டு இவர் வெற்றிலை வாங்கப் போனார். எங்கள் பழைய காருக்குச் சாதாரண பெற்றோலே போதும் என்று அதனோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. கார் திருத்துகிற கராச்சிலும் அதையேதான் சொன்னார்கள். ஆனால் பக்கத்து வீட்டு டொக்டரின் புதுக்கார் சூப்பர் குடித்தால் எங்களுடையதும் குடிக்கவேண்டுமாம். நான் சாதாரணமே அடிக்கச் சொன்னேன்.

கல்லடிப் பாலம் தாண்டியதும் தொடங்கிவிட்டார்.

"பாத்தியா மச்சான் காரின்ட இழுவைய! சூப்பர் என்டா சூப்பர்தான்!"

நாவற்குடா வரை பொறுத்திருந்தேன்.

"இஞ்சேருங்க, உள்ள கிடக்கிறது சாதாரணம்" என்றேன்.

தம்பி வாய்விட்டுச் சிரித்துவிட்டான். வீடு திரும்பியபிறகுதான் இவர், "மச்சானுக்கு முன்னால என்ட மானத்த வாங்கிப்போட்டாய்" என்றார். இனிமேல் பம்புக்குப் பக்கத்தில் தானே நிற்பாராம்.

நிற்கட்டும். வீட்டோடு சேர்த்துக் காரையும் அப்பா என் பெயருக்குத்தான் சீதனமாக எழுதினார். கார்த் திறப்பு இப்போது என் தலையணைக்குக் கீழே இருக்கிறது. விடிந்ததும் கந்தோருக்கு வேலைக்குப் போக இவர் அதைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். கேட்டால் கொடுப்பேன். 'சாதாரணம் போதும்' என்று முதலில் வாயால் சொல்லட்டும்.