கண்ணாத்தாளின் புது ரத்தம்

பம்பாய், 9.8.1987

அம்மாவுக்கு வெள்ளியங்கிரி கும்பிட்டு எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? நாங்கள் இருவரும் நலம்.

என் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்துத் தங்கச்சிக்கு ஏற்றினார்கள் அல்லவா, அந்த மஜ்ஜை அவள் உடம்பில் பிடித்துக்கொண்டதாம். மிச்சமிருக்கும் ரத்தப் புற்றை என் அணுக்களே தேடிக் கொல்லும் என்கிறார் டாக்டர். எனக்கு உட்காரும்போது மட்டும் கொஞ்சம் வலி.

நேற்று மாப்பிள்ளை அர்த்தநாரி வந்தார். அவளுடைய மொட்டைத் தலையைப் பார்த்ததும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "இனி இவ உடம்புல ஓடறது மச்சான் ரத்தமுங்களே, நான் எப்படிங்க குடும்பம் நடத்தறது?" என்று தமிழ் தெரிந்த டாக்டரிடமே கேட்டார். இந்த ஆளுக்கா பெண் கொடுத்தோம்! புண்ணான வாயோடு கண்ணாத்தாள் சொன்னாள்: "அப்படீன்னா ஊட்டுக்குப் போங்க. இந்த ரத்தம் உங்களுக்குச் சோறாக்காது."

போய்விட்டார். அவர் வாங்கிவந்த ஆரஞ்சை அப்படியே குப்பையில் கொட்டினேன்.

உங்கள் பழைய நூல்சேலை ஒன்று அனுப்புங்கள், அவள் தலைக்குக் கட்ட மெத்தென்றிருக்கும். கூடவே யாரையாவது நாலு வரி எழுதச் சொல்லி அனுப்புங்கள். அவளோடு கொஞ்ச நேரந்தான் பேச விடுகிறார்கள். மற்ற நேரம், அந்த டாக்டரை விட்டால், எனக்குத் தமிழ் பேச ஆளில்லை.

பார்வை நேர மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். மாப்பிள்ளை ராசிபுரம் வந்தால் உள்ளே கூப்பிடாதீர்கள்.

உங்கள் மகன்,
வெள்ளியங்கிரி